சூலத்துக்குச் சுற்றிய தூரம்

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கும் திருச்சி விமான நிலையத்துக்கும் நடுவே ஆகாயத்தில் இருநூறு மைல். பத்து வயதில், அம்மாவின் தையல் நூலை வைத்து நானே அளந்து சொன்னது இது. அந்த இருநூறை இன்றுவரை யாரும் தப்பு என்றதில்லை. அதை வைத்து நான் போட்ட கணக்கைத்தான், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மொட்டை மாடி நிறைய ஆள் நின்று, தப்பு என்றார்கள். அது தப்பே இல்லை. இந்த வயதிலும் அதை நினைத்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது.

எல்லாம் என் சித்தப்பா எழுதிய ஒரு கடிதத்தால் வந்தது. அவர் அப்பாவுக்கு ஒரே தம்பி. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டிலேயே வளர்ந்து, திருவனந்தபுரத்துக்கு வேலை தேடிப் போனவர். பொய் சொல்கிறவர் என்று அவரைச் சொல்ல முடியாது. நடக்கப் போவதை நடந்து முடிந்ததாகச் சொல்லிவிடுவார். பிறகு அது நடக்காது. அவ்வளவுதான். கிராமபோன் வாங்கியாயிற்று, தீபாவளிக்குக் கொண்டுவருகிறேன் என்று ஒரு தடவை எழுதினார். நானும் தெருப் பிள்ளைகளிடமெல்லாம் சொல்லி வைத்தேன். மூன்று தீபாவளி போயிற்று, கிராமபோன் வரவில்லை.

இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு நாலைந்து வருஷம் முந்திய காலம் அது. தபால் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சின்ன விமானம் ஒன்று, வாரம் ஒரு தரம் திருவனந்தபுரத்துக்கும் திருச்சிக்கும் ஓடத் தொடங்கியிருந்தது. மூட்டை குறைவாக இருந்தால் ஓர் ஆளையும் உட்கார வைத்துக்கொள்வார்கள் என்று சொன்னார்கள். சித்தப்பாவுக்கு ஏரோப்ளேனில் வேலை என்று ராஜபாளையத்தில் நாலு தெருவுக்குப் பேச்சு. மூட்டைகளை மோட்டார் வண்டியில் போட்டு ஏரோப்ளேன் நிற்கிற இடம்வரை கொண்டுபோய் விடுவதுதான் அவர் வேலை என்று எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரியும். அம்மா அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

சித்தப்பாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் பார்த்திருந்தார்கள். பார்க்கப் போன அன்று நானும் போனேன். அந்த அக்கா காப்பி கொண்டுவந்து நீட்டியபோது சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டே மெதுவாக ஏதோ சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வந்து, தட்டு ஆடி, காப்பி முழுவதும் அவர் வேட்டியில் கொட்டிவிட்டது. என்ன சொன்னார் என்று எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தேன், இரண்டு பேருமே சொல்லவில்லை. அன்றிலிருந்து எனக்கு அந்த அக்காதான் சித்தியாக வரவேண்டும் என்று பிடிவாதம்.

அவளுடைய அப்பாவுக்கு அப்படியொன்றும் பிடிவாதம் இல்லை. நிலபுலன் உள்ளவர், கறாரான ஆள். நாள், கிழமை, ராகுகாலம், சூலம் எல்லாம் பார்க்காமல் வாசல்படி தாண்டமாட்டார். கிராமபோன் கதை எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. அதே சமயத்தில் வத்திராயிருப்பிலிருந்து வேறொரு சம்பந்தமும் வந்து நின்றது. தென்னந்தோப்பு, மாந்தோப்பு, சொந்த வில்வண்டி. ஆளுக்கு வயது நாற்பத்தைந்து. மூத்த தாரம் தவறிப்போய், என்னைவிடப் பெரிய பிள்ளைகள் இரண்டு பேர். அதையெல்லாம் யோசித்துவிட்டுப் பெண்ணின் அப்பா என் அப்பாவுக்குச் சொல்லியனுப்பியது இதுதான்: உங்கள் தம்பி சொன்ன சொல் ஒன்றையாவது சொன்னபடி செய்து காட்டட்டும், பெண்ணைத் தருகிறேன். ஒரு மாசம் பார்ப்பேன். இல்லாவிட்டால் வத்திராயிருப்புக்கு வெற்றிலை மாற்றிவிடுவேன்.

அப்பா இதைத் தம்பிக்கு எழுதினார். அதற்குத்தான் அந்தப் பதில் வந்தது. 'வருகிற புதன்கிழமை காலை ஏழரை மணிக்குத் திருவனந்தபுரத்தில் ஏரோப்ளேனில் ஏறித் திருச்சியில் இறங்குகிறேன். மணிக்கு நூறு மைல் வேகம். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தை ஒட்டித்தான் போகும். பெண் வீட்டார் மாடியில் நின்றால், மேலேயிருந்து கைக்குட்டையை ஆட்டுவேன்.' கீழே கோடு வேறு போட்டிருந்தார்.

அப்பா கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, நெற்றியைத் தடவிக்கொண்டார். "இவனுக்கு வேற எதுவுமே கிடைக்கலியா?" என்றார் அம்மாவிடம். எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை. வகுப்பில் நேரமும் தூரமும் கணக்கு அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பள்ளியில் அந்தக் கணக்கில் ஒன்றுகூடத் தப்பாமல் போட்டவள் நான் ஒருத்திதான்.

பக்கத்து ராஜு வீட்டில் சென்னை மாகாணப் படம் இருந்தது. அந்தத் தெலுங்கு வீட்டு அம்மாள் "ஜாக்ரத்த, ஜாக்ரத்த" என்று பத்துத் தரம் சொல்லித் தந்தார்கள். படத்தைத் தரையில் விரித்து, திருவனந்தபுரத்துப் புள்ளியில் நூலின் ஒரு முனையையும் திருச்சிப் புள்ளியில் மறு முனையையும் அழுத்திப் பிடித்தேன். நூல் ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற எழுத்தின் மேலேயே போயிற்று! ஒரு நூலிழைகூடத் தள்ளவில்லை. நான் போட்ட சத்தத்தில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். ரயிலில் போனால் ஒரு பகல், ஒரு ராத்திரி, நடுவில் வண்டி மாறுகிற அவதி எல்லாம் உண்டு. நூலுக்கு அதெல்லாம் இல்லை. நேராகப் போயிற்று.

அங்குலத்துக்கு ஐம்பது மைல். மொத்தம் நாலு அங்குலம், இருநூறு மைல். திருவனந்தபுரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தொண்ணூறு. மணிக்கு நூறு மைல் என்றால் தொண்ணூறு மைலுக்கு ஐம்பத்து நாலு நிமிஷம். ஏழரைக்குப் புறப்பட்டால் எட்டு இருபத்து நாலுக்குப் பெண் வீட்டு மாடி. அப்பா நான் போட்டதைத் தாமும் ஒரு தரம் போட்டுப் பார்த்தார். சரியாக வந்தது. அந்தத் தாளையே பெண் வீட்டுக்கு அனுப்பிவிட்டார், என் கையெழுத்திலேயே.

பெண்ணின் அப்பாவிடமிருந்து மறுநாளே ஆள் வந்தான். நாங்கள் புதன்கிழமை புறப்பட்டு வரக்கூடாதாம். செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வடக்கு, ஆகவே திங்கட்கிழமையே வந்து தங்கிவிட வேண்டுமாம். ஏழு மைல் பயணத்துக்கு இரண்டு நாள் முன்னாடியா என்று அம்மா முணுமுணுத்தாள். ஆனாலும் திங்கள் சாயங்காலம் ரயிலேறிப் போனோம். ஏரோப்ளேனே வடக்குப் பார்த்துத்தானே வரப்போகிறது என்று எனக்கும் தோன்றியது. வாயைத் திறக்கவில்லை.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கே மாடியில் ஜனம் சேர்ந்துவிட்டது. சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், மம்சாபுரத்திலிருந்து மோர் கொண்டுவந்த கிழவி, யாரையும் விடவில்லை. பெண்ணின் அப்பா வீட்டு டைம்பீஸை எடுத்துவந்து கைப்பிடிச் சுவரில் வைத்தார். அதன் பக்கத்தில் என்னை நிறுத்தினார்கள். பெண்கள் மாடிப்படியை ஒட்டி நின்றார்கள். அந்த அக்கா அவர்களுக்கும் பின்னால் இருந்தாள். தெற்கே பார்த்து அத்தனை தலையும் நிமிர்ந்திருந்தது.

எட்டு இருபது. எட்டு இருபத்து இரண்டு. எட்டு இருபத்து நாலு ஆனதும் "இப்பம் வரும்" என்றேன். ஒரு பருந்து வந்தது. பாதிப் பேர் அதற்கே "வந்துட்டாக, வந்துட்டாக" என்று கத்தினார்கள்.

எட்டரை ஆயிற்று. முக்காலாயிற்று. ஒன்பதும் அடித்தது. வெயில் ஏறி, மாடித் தளம் காலைச் சுட ஆரம்பித்தது. அந்த அக்காவின் பெரியப்பா ஒருவர், பல் எல்லாம் தெரிய என்னைப் பார்த்தார். "ஏட்டி, ஒங் கணக்குல ஏரோப்ளேன் வருதா, இல்ல கிராமபோன் வருதா?" என்றார். மாடியே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டார், பிறகு தலையில் போட்டார், பிறகு மறுபடி தோளில் போட்டார். அம்மா என்னைத் தன் பக்கம் இழுத்து, "எம்புட்டுத்தான் கணக்குப் போட்டியோ" என்று தொடையில் கிள்ளினாள். கணக்குச் சரிதான் என்று அழுதேன். அதற்கும் ஒரு கிள்ளு.

பத்து மணிக்குப் பாதிக் கூட்டம் இறங்கிப்போயிற்று. பெண்ணின் அப்பா டைம்பீஸைக் கையில் எடுத்துக்கொண்டார். என் அப்பாவைப் பார்த்து, கோபமில்லாமல்தான் சொன்னார்: "தம்பி, மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீக. வத்திராயிருப்புக்காரவுகளுக்கு நாளைக்குச் சொல்லிவிட்டிருதேன்." நான் அந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. எல்லாரும் தெற்கே பார்த்து அலுத்துப்போய் நிற்கையில், அவள் மட்டும் வடகிழக்கே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. முதலில் மாவு மெஷின் எங்கேயோ ஓடுகிற மாதிரி இருந்தது. இறங்கிப்போனவர்கள் படியில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து மேலே ஏறினார்கள். வடகிழக்கிலிருந்து, வன்னியம்பட்டிப் பக்கமாக, வெள்ளி நிறத்தில் ஒன்று வந்தது. கோபுரத்துக்குச் சற்றுத் தள்ளி, எங்கள் தலைக்கு மேலே, அடிவயிறு அதிரும்படி போயிற்று. மோர்க்காரக் கிழவி கையெடுத்துக் கும்பிட்டாள். நான் டைம்பீஸைப் பார்த்தேன். பத்து இருபத்தொன்று.

"பார்த்தேன்!" என்று ஒரு குரல். அந்த அக்கா பெண்களை விலக்கிக்கொண்டு மாடி நடுவுக்கே வந்துவிட்டாள். "சன்னல் வழியா வெள்ளையா கைக்குட்டை. அவிய ஆட்டுனாக. நான் என் கண்ணால பார்த்தேன்." உடனே இன்னும் மூன்று பேர் பார்த்திருந்தார்கள். செத்த நேரத்தில் பத்துப் பேர் ஆனார்கள்.

அவள் அப்பா மட்டும் புருவத்தைச் சுருக்கினார். "அது சரி. தெக்கயிருந்துல்ல வரணும்? இது வடக்கயிருந்து வந்து தெக்காம போகுது?"

எனக்கு அப்போது சித்தப்பா, கல்யாணம், வத்திராயிருப்பு எதுவும் ஞாபகத்தில் இல்லை. என் கணக்கு ஒன்றுதான் ஞாபகத்தில் இருந்தது. "இது திருச்சியிலிருந்து வருது!" என்று கத்தினேன். "நான் கணக்குப் போட்டது திருவனந்தபுரத்து ஏரோப்ளேனுக்கு! இது வேற! என் கணக்குத் தப்பில்ல!"

அம்மாவின் கை என் தொடைமேல் வந்து, கிள்ளக்கூட மறந்து அப்படியே நின்றது. எல்லாரும் பெண்ணின் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

அந்த அக்கா என் முன்னால் வந்து குனிந்தாள். அவள் முகம் வேர்த்திருந்தது. குரல் மட்டும் நிதானமாக இருந்தது. "ஏட்டி, இன்னைக்கு என்ன கெழம?"

"புதன்."

"புதங்கெழம வடக்க சூலம்லா?" என்றாள். பிறகு அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "அய்யா வீட்டுல பொண்ணு கேட்டவிய, சூலத்துக்கு எதிர்க்க நேரா வடக்க பார்த்து வருவாகளா? கடல் பக்கமா சுத்திப் போயி, ஊரைத் தாண்டி ஏறி, பொறவு தெக்காம பார்த்துத்தான வருவாக? அதான் இம்புட்டு நேரம் ஆயிருக்கு." மறுபடி என்னிடம் கேட்டாள்: "சூலத்துக்குச் சுத்துற தூரத்தை நீ கணக்குல சேர்த்தியா?"

நான் சேர்க்கவில்லை. பள்ளியில் அப்படியொரு கணக்கு எங்களுக்கு நடத்தவே இல்லை. எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்! என்ன சொல்வேன்? "சேர்க்கல" என்றேன்.

"அதான்" என்றாள். மாடி முழுவதும் அப்படியொரு சிரிப்பு. பெண்ணின் அப்பா டைம்பீஸை என் அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "இந்தக் காலத்துப் பையன், ஆகாசத்துல போகையிலயும் சூலம் பார்த்திருக்கான் பாருங்க" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஏரோப்ளேன் மலைப் பக்கம் போய் மறைந்துவிட்டது, திரும்பி வரவேயில்லை. திருச்சியில் இறங்க வேண்டியவர் அந்தப் பக்கம் எங்கே போகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று மத்தியானமே வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். சாப்பாட்டில் வந்து உட்கார்ந்தவர்களெல்லாம் "சூலத்தை விட்டுட்டியே ஏட்டி" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்கள். பாயசம் எனக்கு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை சித்தப்பா ராஜபாளையம் ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கினார். ஆள் வாடிப்போய், மூன்று நாள் தாடியுடன், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். என்னமோ சொல்வதற்கு வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தவர் மாதிரி இருந்தது. அவர் வாயைத் திறக்குமுன் ஸ்டேஷன் வாசலிலேயே நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். "கைக்குட்டைய ஆட்டுனீகளாமே!" "சூலத்துக்குச் சுத்துனீகளாமே!" சித்தப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என் அப்பா முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஆமா, சுத்தித்தான் வந்தோம்" என்றார். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவருக்கே அது நடந்ததாக ஆகிவிட்டது. கடலில் கப்பல்கூடப் பார்த்தாராம்.

நான் விடவில்லை. அடுத்த மாசம் கல்யாணம் முடிவதற்குள் ஒரு முழுத் தாளில் கணக்கைத் தெளிவாகப் போட்டு முடித்தேன். திருச்சியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் நூற்றுப்பத்து மைல். ஒரு மணி ஆறு நிமிஷம். திருச்சியில் எத்தனை மணிக்குப் புறப்படும் என்று எனக்குத் தெரியாது, ஒன்பது என்று நானே வைத்துக்கொண்டேன். பத்து ஆறுக்கு வந்திருக்க வேண்டும், வந்தது பத்து இருபத்தொன்றுக்கு. மிச்சம் கால் மணி இடித்தது. அதற்கு 'எதிர்க்காற்று' என்று எழுதினேன். கடைசியில், ஆகவே அது திருச்சியிலிருந்து வந்த ஏரோப்ளேன், ஆகவே சித்தப்பா அதில் இல்லை, என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன்.

அந்த அக்கா சித்தியாகி எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், அடுப்படியில் தனியாக இருக்கையில் தாளைக் கொண்டுபோய் நீட்டினேன். அழுவாள், அல்லது என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். இரண்டில் எதுவானாலும் என் கணக்குச் சரி என்று ஆகிவிடும். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, வரி வரியாக, விரல் வைத்துப் படித்தாள். அவசரமே இல்லை. என் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள். 'எதிர்க்காற்று' என்பதை அடித்தாள். ஒன்பது என்று நான் எழுதியிருந்த இடத்தில் ஒன்பதேகால் என்று எழுதினாள்.

"இப்பம் போட்டுப் பாரு" என்றாள்.

போட்டேன். பத்து இருபத்தொன்று. ஒரு நிமிஷம்கூட மிச்சமில்லை.

"நல்லாப் போட்டிருக்க. மாடியில நின்ன அம்புட்டுப் பேருல நீ ஒருத்திதான் சரியாச் சொன்ன" என்று என் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். பிறகு தாளை நாலாக மடித்து அடுப்பில் வைத்தாள். "யாரு கேட்டாலும் சூலத்துக்குச் சுத்துனதுன்னு சொல்லணும். என்ன?"

சரி என்றேன். தாள் எரிந்ததில் எனக்குக் கோபம்தான். ஆனாலும் கணக்குச் சரி என்று அவள் வாயால் கேட்டாகிவிட்டதால் மனசு லேசாகி, துள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன். ஒன்பதை ஒன்பதேகால் என்று வைத்துக்கொள்ளத் தோன்றாமல் போயிற்றே என்பதுதான் அன்று முழுவதும் எனக்கு வருத்தம்.

அவளுக்கு அந்த ஒன்பதேகால் எங்கிருந்து கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்கள் வீட்டுக்கு எதிரே இருந்த தபாலாபீஸில், ஏரோப்ளேன் எந்தக் கிழமை எங்கேயிருந்து எத்தனை மணிக்குப் புறப்படும் என்று இங்கிலீஷில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அந்தத் தாளைச் சுவரில் நானும் பார்த்திருக்கிறேன். அந்தத் தெருவிலேயே மிஷன் பள்ளியில் எட்டாவது வரை இங்கிலீஷ் படித்தவள் அவள் ஒருத்திதான் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் தெரிந்திருந்தது. இரண்டையும் கூட்டத்தான் எனக்குத் தெரியவில்லை.